பதில் கடமை

துணுக்காய் பிரதேச செயலகம், காணிக் கிளை.
படிவத்தின் ஏழாம் கட்டம்: தொழில்.
பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
முருகுப்பிள்ளை கஜமோகன் என்னைப் பார்த்தார்.
"நடிகர் எண்டு எழுதலாமோ?"
"சினிமாவோ?"
"இல்லை. மேடை. பாட்டும் நடிப்பும்."
"கூத்தோ?" என்றார் பின்னால் நின்ற ட்ரக்டர்காரர்.
"கிட்டத்தட்ட. டிக்கெட் விலைதான் கூட."

பிறந்தது லெஸ்டர். தாய் யோகபுரம்.
வவுனிக்குளத்துக்குக் கீழே
தாயின் பெயரில் இரண்டு ஏக்கர் வயல்;
அதைச் சின்னம்மாவின் மகளுக்கு விட்டுக்கொடுக்க
ஒரு கையெழுத்து.
அந்தக் கையெழுத்துக்கு மூன்று பிரதி, ஒரு சமாதான நீதவான்.

கரண்ட் போனது.
போட்டோக்கொப்பி மெஷின்
பாதித் தாளை விழுங்கியபடி நின்றது.
இருக்கச் சொன்னேன். இருந்தார். சொன்னார்.

முதல் வேலை கப்பலில்: இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு
பாடும் ஆறு பேரில் ஐந்தாமவர்.
பிறகு ஹல் நகரத்து நத்தார் நாடகத்தில்
ஒட்டகத்தின் பின்னங்கால்கள்
(முன்னங்கால்களுக்குச் சம்பளம் கூடவாம்).
மோகனை மோர்கன் ஆக்கினார் ஏஜெண்ட்.
பிறகு லண்டன். ஒரே நாடகம், ஒன்பது வருடம்,
கிழமைக்கு எட்டுக் காட்சி.
பெரும்பாலும் மேடைக்கு வெளியே.

பதினொரு பாத்திரம் மனப்பாடம்.
யாருக்குக் காய்ச்சல், யாருக்குக் கணுக்கால்,
யாருடைய ரயில் பனியில் நின்றது என்று பார்த்து
ஏழு மணிக்குச் சொல்வார்கள்:
இன்று நீ மாலுமி. இன்று நீ பாதிரி.
ஒரு புதன்கிழமை மத்தியானம் மகன்,
அன்றிரவே அவனுடைய தகப்பன்.
மிச்ச நாள்களில் சுடுதண்ணீர்ப் போத்தலோடு ஓரத்தில்,
ஒருவரும் தடுமாறிவிடக் கூடாது என்றும்
ஒருவராவது தடுமாறினால் என்ன என்றும்
ஒரே மூச்சில் நினைத்துக்கொண்டு.

நாயகன் வேடம் ஒரே ஒருதரம்.
நிகழ்ச்சிப் புத்தகத்துக்குள் துண்டுத் தாள் வைப்பார்களாம்:
இன்று இன்னாருக்குப் பதிலாக இன்னார்.
ஆயிரத்து இருநூறு பேர் அதை விரித்து வாசித்து
"ச்ச" என்பது திரைக்குப் பின்னால் கேட்குமாம்.
"அதைக் கேட்டுப்போட்டுத்தான்
முதல் சுரம் எடுக்கவேணும்."

எனக்கு அந்த "ச்ச" தெரியும்.
என் மேசைப் பலகை: பதில் காணி உத்தியோகத்தர்.
நிரந்தரமானவர் வவுனியாவுக்கு மாற்றலாகி நாலு வருடம்.
கதவைத் திறப்பவர்கள் பலகையைத்தான் முதலில் பார்ப்பார்கள்,
பிறகு என்னை.

"ஒரு பாட்டு எடுத்துவிடுங்கோவன்" என்றார் ட்ரக்டர்காரர்.
"குரல் சூடாகாமல் பாடக்கூடாது."
"சூடோ? இந்த வைகாசி வெயில் காணாதோ?"
சிரித்தார். எழும்பித் தண்ணீர்த் தாங்கிப் பக்கம் போனார்.
உதடு இரண்டையும் சேர்த்துப் பிர்ர்ர்ர் என்று,
லேண்ட்மாஸ்டர் இழுபட்டு இழுபட்டு ஸ்டார்ட் ஆவதுபோல.
செயலகத்து நாய் குரைத்தது.
பிறகு ம்ம்ம். பிறகு ஆ, படி படியாக ஏறி,
முற்றத்துப் பாலைமரத்தின் உயரத்தில்
ஒரு ஆ
நின்றது. ஆடாமல் நின்றது.
சமுர்த்தி மேசையில் காசெண்ணியவர் கணக்கை விட்டுவிட்டார்.

அப்போது கரண்ட் வந்தது.
மெஷின் மிச்சத் தாளைத் துப்பியது.
அவர் வாயை மூடிக்கொண்டு உள்ளே வந்து
கையெழுத்து வைத்தார்.
பாட்டுக்கு முந்தியது மட்டும்தான்
எங்களுக்குக் கிடைத்தது.

ஏழாம் கட்டத்தை நானே நிரப்பினேன்:
பதில் கடமை, அரங்கு.
பின்னேரம் மாங்குளம் வீதியில், ஆளில்லாத இடம் பார்த்து,
ஹெல்மெட்டுக்குள் பிர்ர்ர் என்று பார்த்தேன்.
உதடு கூசியது. கண்ணாடியில் ஆவி படிந்தது.

மூன்று கிழமையில் படிவம் திரும்பி வந்தது,
முல்லைத்தீவிலிருந்து,
ஏழாம் கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு மை:
எந்தப் பதவிக்குப் பதில்? விபரம் தருக.

மாலுமி, பாதிரி, மகன், தகப்பன் என்று தொடங்கினேன்.
கட்டம் போதவில்லை.
மேலதிகத் தாள் இணைக்கப்பட்டுள்ளது.